கதவு திறக்கலன்னா முதல்ல தரையைப் பாருங்க

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மலேசியாவின் சிலாங்கூரில், கேரித் தீவுப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து கோயில் தலைவர் போன் செய்தார். "தம்பி, ஆடித் திருவிழாவுக்கு இன்னும் 12 நாள்தான் இருக்கு. கண்டெய்னர் கதவு தொறக்க மாட்டேங்குது. அண்டா, குண்டான், பந்தக்கால், ஒயரு, லைட்டு எல்லாமே உள்ளதான் கெடக்கு."

"கதவை அடிச்சீங்களா ஐயா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "பசங்க ரெண்டு பேரு சம்மட்டியால போட்டுப் பாத்தாங்க" என்றார்.

"இனிமே யாரும் தொட வேணாம். நான் சாயங்காலம் வர்றேன்" என்று சொல்லி வைத்தேன். கப்பலில் சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டிகளான கண்டெய்னர்களைப் பழுது பார்ப்பதுதான் என் தொழில். என் பந்திங் பட்டறைக்கு வருகிற கண்டெய்னர் அழைப்புகளில் பாதி இந்தக் கதவு சமாச்சாரம்தான். பத்தில் எட்டு இடத்தில் கதவில் ஒரு கோளாறும் இருக்காது.

அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். 20 அடிப் பெட்டி. 2012-இல் தோட்ட நிர்வாகம் கோயிலுக்குக் கொடுத்தது. லோரியில் கொண்டுவந்து ரம்புத்தான் மரத்தடியில் இறக்கிவிட்டு, மூலைக்கு ஒரு சிமெண்டுக் கல்லை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வீட்டுச் சுவருக்கு வைப்போமே, நடுவில் ஓட்டை உள்ள கல், அதுதான். கோயில் தகரக் கூரையின் தண்ணீர் முழுக்க கண்டெய்னரின் வலது முன்மூலையில் கொட்டுகிறது. பத்து வருஷத்துக்கு மேல் கொட்டிக் கொட்டி மண் கரைந்து, கல் நொறுங்கி, அந்த மூலை மட்டும் உள்ளே இறங்கிவிட்டது. இந்தப் பக்கத்து மண் கடலோரக் களிமண். காய்ந்தால் பாறை, நனைந்தால் களி.

கதவுக்கு நேராக நின்று பார்த்தாலே தெரிந்தது. இரண்டு கதவும் ஒரே மட்டத்தில் இல்லை, ஒன்று மற்றதை விடக் கீழே இறங்கி நின்றது. பூட்டுக் கம்பியின் நுனியில் இருக்கும் கொக்கி அதன் வாயில் இறுகிப் பிடித்திருந்தது. அதைத்தான் பையன்கள் சம்மட்டியால் அடித்திருக்கிறார்கள். ஒரு கம்பி வளைந்து, கைப்பிடி தாங்கி ஒன்று உடைந்திருந்தது. அந்த இரண்டும் அடித்ததால் வந்த வீண் செலவு. கதவைத் திறக்க ஜாக்கி வேலையே போதும்.

ஏன் கதவில் மட்டும் தெரிகிறது என்று அக்கா மகன் கேட்டான். நல்ல கேள்வி. பெட்டியின் இரண்டு பக்கச் சுவரும், பின்சுவரும், கூரையும் நெளிநெளியான தகடு. சட்டத்தோடு சேர்த்து முழுக்கப் பற்றவைத்தது. அந்தச் சுவர்கள் லேசில் கோணிக்கொள்ளாது. கதவுப் பக்கம் மட்டும் வெறும் சட்டம். கதவு திறந்து மூட வேண்டுமே. அதனால் அடியில் எந்த மூலை இறங்கினாலும் முறுக்கு முழுவதும் கதவுச் சட்டத்துக்கு வந்து சேரும். செவ்வகமாக இருக்க வேண்டியது சாய்ந்த கட்டமாகிவிடும். நாங்கள் சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப் வைத்து அளந்தோம். 27 மில்லிமீட்டர் வித்தியாசம். கதவு எப்படித் திறக்கும்?

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். கண்டெய்னர் மட்டமாகத்தான் நிற்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முழுப் பெட்டியும் ஒரே பக்கமாகக் கொஞ்சம் சரிந்து நிற்கலாம், கதவு நன்றாகவே திறக்கும். கூரைத் தண்ணீர் ஓடுவதற்கு அந்தச் சரிவு நல்லதுகூட. ஆனால் முறுக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. கால் ஆடுகிற நாற்காலி மாதிரிதான். மூன்று கால் தரையில் பதிந்து, நாலாவது வேறு உயரத்தில் இருந்தால்தான் தொல்லை.

அன்று ஒளிபுகும் ரப்பர் குழாயில் தண்ணீர் விட்டு நான்கு மூலையும் ஒரே மட்டமா என்று பார்த்தோம். கொத்தனார்கள் காலங்காலமாகச் செய்கிற தண்ணி டியூப் வேலைதான். லேசர் கருவி என்னிடம் இருக்கிறது, ஆனாலும் களிமண் தரையில் எனக்கு டியூப் மேல்தான் நம்பிக்கை. இறங்கிய மூலைக்குப் பக்கத்தில் மண்ணைத் தோண்டி, பழைய ரயில் சிலிப்பர் கட்டையை அடியில் போட்டு, அதன் மேல் கனமான இரும்புத் தகடு, அதன் மேல் 20 டன் ஜாக்கி. ஜாக்கியின் தலை மூலையில் இருக்கும் துளை போட்ட வார்ப்பு எஃகுக் கட்டியில்தான் உட்கார வேண்டும். கப்பலில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும்போது மொத்தப் பாரமும் இறங்குவது மூலைத் தூண் வழியாக அந்தக் கட்டிகளில்தான். அடியில் ஓடும் குறுக்குச் சட்டத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கினால் சட்டம் மடங்கிவிடும். சிலர் அப்படிச் செய்து, தரைப் பலகை மேலே எழும்பி நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

நாலு தடவை அழுத்துவோம், நிறுத்துவோம், கட்டையைச் சொருகுவோம், மூலைவிட்டத்தை அளப்போம். 27 குறைந்து 15 ஆனது, பிறகு 6. அக்கா மகன் கைப்பிடியில் கை வைத்ததும் கொக்கி தானாகக் கழன்றது. "மாமா, இழுக்கவே இல்ல மாமா!" என்று கத்தினான். தலைவர் பிள்ளையார் சன்னிதி பக்கம் திரும்பிக் கும்பிட்டார். எனக்கும் கண் கலங்கியது. 26 வருஷமாக இந்த வேலை செய்கிறேன், அந்தக் கொக்கி கழலும் சத்தம் எனக்கு இன்னும் பழகவில்லை.

உள்ளே போனதும் கதவை மறுபடி சாத்தச் சொன்னேன். கண் இருட்டுக்குப் பழக இரண்டு நிமிஷம் நின்றேன். இதுதான் லைட் டெஸ்ட். போர்ட் கிளாங் துறைமுகத்துப் பக்கம், காலிப் பெட்டிகளை வைத்துப் பழுது பார்க்கும் ஒரு கண்டெய்னர் டிப்போவில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடமே இதுதான். பெட்டிக்குள் போய் கதவை மூடிக்கொள், எங்கே வெளிச்சம் தெரிகிறதோ அங்கே தண்ணீர் வரும். சாக்கட்டியால் வட்டம் போடு, வெளியே வா. இதைவிடச் சுலபமான சோதனை இல்லை, இதுவரை இது என்னை ஏமாற்றியதும் இல்லை. அன்று கூரையில் ஏழெட்டு வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தன. எல்லாம் ரம்புத்தான் கிளைக்கு நேர் கீழே.

டிப்போவில் ஒரு பெட்டியை எத்தனை பேர் பார்ப்பார்கள் தெரியுமா! உள்ளே வரும்போது ஒரு பார்வை, வெளியே போகும்போது ஒரு பார்வை, நடுவில் பெட்டியைச் சோதித்துச் சொல்லும் சர்வேயர். கதவில் அடித்திருக்கும் பாதுகாப்புத் தகட்டைப் பார்த்திருப்பீர்கள். 1972-இல் உலக நாடுகள் சேர்ந்து ஒப்பந்தம் போட்டு, 1977-இல் நடைமுறைக்கு வந்த விதி அது. பெட்டி செய்து 5 வருஷத்துக்குள் முதல் பரிசோதனை, அதன் பிறகு 30 மாதத்துக்கு ஒரு முறை. அப்படி இல்லையென்றால் சொந்தக்காரக் கம்பெனி அங்கீகாரம் பெற்ற முறைப்படி தொடர்ந்து சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதெல்லாம் கடலில் ஓடுகிறவரைக்கும்தான். வயதாகி, விற்கப்பட்டு, தோட்டத்துக்கு வந்த பிறகு அந்தப் பெட்டியை யார் பார்க்கிறார்கள்? யாருமில்லை. இதைத்தான் நான் வருத்தத்தோடு சொல்கிறேன். உப்புக் காற்றில் 12 வருஷம் தாங்கிய பெட்டி நம் கொல்லையில் அஞ்சே வருஷத்தில் ஓட்டையாகிவிடுகிறது.

"கண்டெய்னர் இரும்பு துருப்பிடிக்காத இரும்பு" என்று விற்பவர் சொல்வார். நம்பாதீர்கள். செம்பு, குரோமியம் எல்லாம் கொஞ்சம் கலந்த எஃகு அது. மேலே ஒரு மெல்லிய துருப் படலம் உண்டாகி, அந்தப் படலமே உள்ளே இருப்பதைக் காக்கும். உண்மைதான். ஆனால் அதற்கு நனைவதும் காய்வதும் மாறி மாறி நடக்க வேண்டும். இலைச் சருகு குவிந்து, எந்நேரமும் ஈரமாகவே கிடந்தால் அந்தப் படலம் உருவாகாது, அரிப்பு போய்க்கொண்டே இருக்கும். கூரைத் தகடு 2 மில்லிமீட்டர்தான். யாராவது மேலே ஏறி நின்று ஒரு பள்ளம் விழுந்தால் போதும், அங்கே தண்ணீர் தங்கும்.

ஈரத்தை விட மோசம் உரம். பந்திங்குக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில் 40 அடிப் பெட்டியை உர ஸ்டோராக வைத்திருந்தார்கள். பொட்டாஷ் மூட்டை. அது குளோரைடு உப்பு, கடல் தண்ணீரைத் தூளாக்கிச் சுவர் ஓரம் கொட்டிவைத்த மாதிரி. மூட்டை கிழிந்து கொட்டியது சுவரும் கீழ்ச் சட்டமும் சேரும் இடுக்கில் தங்கி, காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து, உள்ளிருந்தே தின்றுவிட்டது. வெளியே நீலப் பெயிண்ட் பளபளப்பாக இருந்தது. சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். டங், டங், டங் என்று வந்த சத்தம் ஒரு இடத்தில் டப் என்றது. விரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போனது. மூன்றே வருஷம். உரம் வைக்கத்தான் வேண்டும் என்றால் மரப்பலகைத் தட்டு போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். மாதம் ஒரு தடவை கூட்டிவிடுங்கள்.

அந்த 40 அடியில் கீழ்ப்பக்கம் ஒரு முழ உயரத்துக்குத் தகட்டை வெட்டி எடுத்து, அதே நெளிவில் புதுத் துண்டு வைத்தோம். நெளிவு பொருந்தாமல் மேலே ஒரு சப்பைத் தகட்டை ஒட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய தகட்டுக்கும் புதுத் தகட்டுக்கும் நடுவில் தண்ணீர் ஏறும், இரண்டு மழைக்காலம்கூடத் தாங்காது. வெட்டிய துண்டின் மூலைகளை வளைவாக வெட்ட வேண்டும். கூர்மூலையில்தான் விரிசல் தொடங்கும். வெளிப்பக்கம் விட்டு விட்டுப் பற்றவைக்காமல் முழு நீளத்துக்கும் ஒரே கோடாகப் போக வேண்டும். 1.6 மில்லிமீட்டர் தகட்டில் சாதாரண குச்சி வெல்டிங் ஓட்டை போட்டுவிடும், அதனால் கேஸ் பாய்ச்சிக்கொண்டே மெல்லிய கம்பியால் பற்றவைக்கும் மிக் (MIG) மெஷின்தான். திறந்தவெளியில் காற்று அந்த கேஸை அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால் சுற்றித் தார்ப்பாய் கட்டுவோம். கிரைண்டர் ஓட்டிய அன்றைக்கே துத்தநாகப் பிரைமர் அடித்துவிட வேண்டும். நம் ஊர் ஈரத்தில் நாளைக்கு என்று விட்டால் காலையில் செம்மண் பூசிய மாதிரி இருக்கும்.

வெளியே பற்றவைக்கும்போது உள்ளே ஒரு ஆள் தண்ணீர் வாளியோடு நிற்க வேண்டும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2003-இல் நான் வேலை பார்த்த டிப்போவில் கீழ்ச் சட்டத்தை வெளியிலிருந்து பற்றவைத்துவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனோம். தரைப் பலகை உள்ளே கனிந்துகொண்டே இருந்திருக்கிறது. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது காற்று பட்டுத் தீ வெளியே பாய்ந்தது. திறந்தவர் என் கூட்டாளி. புருவமும் கையும் பொசுங்கின. இன்னும் அந்தத் தழும்பு அவர் கையில் இருக்கிறது.

அந்தப் பலகையைப் பற்றி இன்னொன்று. 28 மில்லிமீட்டர் கனம். பழைய பெட்டிகளில் பெரும்பாலும் குருயிங் மரம், நம் காட்டு மரம். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மருந்து ஏற்றியிருப்பார்கள். கதவுத் தகட்டில் மர மருந்தின் விவரம் இருக்கும். கண்டெய்னரை வீடாகவோ குழந்தைகள் டியூஷன் வகுப்பாகவோ மாற்றுகிறவர்கள் அதைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். என்னைக் கேட்டால் பழைய பலகையை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதே நல்லது. புதிதாக வாங்கிய பழைய பெட்டிக்குள் திறந்தவுடன் நுழையவும் வேண்டாம். சரக்குக்குப் புகை மருந்து அடித்திருக்கலாம். இரண்டு கதவையும் விரியத் திறந்து அரைநாள் காற்றாட விடுங்கள்.

கோயில் பெட்டிக்கு வருகிறேன். நான்கு மூலையிலும் கம்பி கட்டி காங்கிரீட் மேடை போட்டோம், தரையிலிருந்து ஒரு முழ உயரம். அடியில் குனிந்து பார்க்க முடிய வேண்டும், காற்று ஓட வேண்டும். பின்பக்கத்தை இரண்டு அங்குலம் உயர்த்தி வைத்தோம், கூரைத் தண்ணீர் ஓடிவிடும். கோயில் கூரைக்குத் தோட்டத்து இளைஞர்களே பீலி கட்டி, தண்ணீரைக் கால்வாய்க்குத் திருப்பிவிட்டார்கள். வளைந்த பூட்டுக் கம்பியைச் சூடு காட்டி நிமிர்த்தினேன். கிழிந்திருந்த கதவு ரப்பரை மாற்றினேன். சாமான் காசு 310 வெள்ளி (ரிங்கிட்) மட்டும் வாங்கினேன். அந்த அண்டாவில் என் அப்பா 30 வருஷம் கூழ் காய்ச்சியிருக்கிறார்.

ரம்புத்தான் மரத்தை வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கூரைக்கு மேல் வந்த இரண்டு கிளையை மட்டும் கழித்தார்கள். கூரை ஓட்டைகளுக்கு இப்போதைக்குப் பசை பூசி வைத்திருக்கிறேன், திருவிழா வரைக்கும் தாங்கியது. தகடு வெட்டி வைக்கும் வேலை வருகிற ஞாயிறு. மழை வந்தால் அதற்கடுத்த ஞாயிறு.