தூக்கிப் போட முடிகிற வேலை

மரபணு ஆய்வகத்தில் வேலை என்று சொன்னதும் பலரும் கேட்பது, "ஜீனை எப்படி வெட்டுவீர்கள்?" என்பதுதான். உண்மையைச் சொன்னால் வெட்டுவது அங்கே பெரிய வேலையே இல்லை. வெட்டும் நொதியும் அதற்கு இடம் காட்டும் ஆர்என்ஏவும் சிறு குழாய்களில் உறைநிலையில் வந்து இறங்குகின்றன. கலந்து செல்லுக்குள் செலுத்துவது ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். அப்புறம் வருவதுதான் மாதக்கணக்கில் இழுக்கும்: எது பிழைத்தது, எதில் மாற்றம் நினைத்த இடத்தில் விழுந்தது, எதைத் தூக்கிப் போடுவது.

நான் முதலில் பயிர் ஆய்வகத்தில் இருந்தேன். பிறகு நோயாளிகளின் செல்களைக் கையாளும் ஆய்வகத்துக்கு மாறினேன். கருவிகள் கிட்டத்தட்ட அதே கருவிகள்தான். டிஎன்ஏவைப் பல பிரதிகளாகப் பெருக்கும் பிசிஆர் எந்திரம் எங்கேயும் ஒன்றுதான், பைப்பெட் பிடித்துப் பிடித்து வருகிற கட்டைவிரல் வலியும் ஒன்றுதான். மாறியது அந்தத் தூக்கிப் போடுகிற விஷயம் மட்டும்.

நெல்லில் செய்வதைச் சொல்கிறேன். உமி நீக்கிய விதையைக் கிருமி நீக்கி, 2,4-டி கலந்த அகாரில் வைப்போம். (அதிக அளவில் அது களைக்கொல்லி, துளியளவில் வளர்ச்சி ஹார்மோன்.) சில வாரங்களில் கருப்பகுதியிலிருந்து வெளிர்மஞ்சளாக, இன்ன உறுப்பு என்று சொல்ல முடியாத ஒரு திரள் கிளம்பும். அதுதான் காலஸ். அதை அக்ரோபாக்டீரியம் கரைசலில் நனைத்து, இரண்டு மூன்று நாள் இருட்டில் விடுவோம். இயற்கையில் இந்த பாக்டீரியா செடிகளின் தண்டில் கழலை உண்டாக்குவது. தன் டிஎன்ஏவின் ஒரு துண்டைச் செடியின் செல்லுக்குள் அனுப்பி, தனக்கு வேண்டிய உணவைச் செடியையே தயாரிக்க வைக்கும். கழலை உண்டாக்கும் மரபணுக்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நமக்கு வேண்டியதை வைத்தால் அதையும் கொண்டுபோய்ச் சேர்க்கும். 1983-ல் புகையிலையில் இது முதலில் கைகூடியது. மனிதன் கண்டுபிடித்த தந்திரம் என்று இதைச் சொல்வது கொஞ்சம் அதிகம்தான்.

அந்தத் துண்டு குரோமோசோமில் எங்கே போய் உட்காரும் என்பது நம் கையில் இல்லை. ஒரு செல்லில் ஒரு பிரதி, இன்னொன்றில் நான்கு, வேறொன்றில் பாதி உடைந்த பிரதி. சிலவற்றில் செடிக்குத் தேவையான ஒரு மரபணுவின் நடுவிலேயே விழுந்து அதைக் கெடுத்திருக்கும். ஹைக்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் மரபணுவும் அந்தத் துண்டோடு சேர்ந்தே போகும், அதனால் அந்த மருந்து கலந்த தட்டுக்கு மாற்றினால் மாற்றம் ஏறாத காலஸ் பழுப்பாகிச் செத்துவிடும். மிஞ்சியதில் பச்சைப் புள்ளி தெரிந்தால், அது தளிராகி, வேர் விட்டு, பசுமைக்குடிலுக்குப் போகும். அங்கே கழித்தல் மறுபடி ஆரம்பமாகும். குட்டையானது வேண்டாம், பதராய்ப் போனது வேண்டாம், பல பிரதிகள் உள்ளது வேண்டாம், அடுத்த தலைமுறையில் மரபணு வேலை செய்வதை நிறுத்திவிட்டதும் வேண்டாம். வேண்டாதவற்றைக் குப்பையில் வீசிவிடவும் முடியாது. ஒவ்வொன்றையும் ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கலனில் 121 டிகிரியில் வேகவைத்து, பதிவேட்டில் எழுதின பிறகுதான் வெளியே போகும். புதிதாகச் சேர்கிறவர்கள் விஞ்ஞானம் செய்ய வந்து ஆட்டோகிளேவ் முன்னால் நிற்கிறோமே என்று சலித்துக்கொள்வார்கள். அதுவும் விஞ்ஞானம்தான்.

குறித்த இடத்தில் டிஎன்ஏவை வெட்டும் கிரிஸ்பர் முறை வந்த பிறகும் செடிகளில் இந்தப் பழக்கம் போகவில்லை. 2012-ல் இம்மானுவேல் ஷார்பென்டியே, ஜெனிபர் டவுட்னா குழுவின் கிரிஸ்பர் ஆய்வு வெளியானது. 2020-ல் இருவருக்கும் நோபல் பரிசு. வெட்டுகிற இடம் இப்போது நம் விருப்பப்படிதான். ஆனால் வெட்டும் கருவியின் மரபணுவைப் பெரும்பாலும் பழைய வழியில்தான் செடிக்குள் ஏற்றுகிறோம். வேலை முடிந்தால் அந்தக் கருவி அங்கே இருக்கக் கூடாது. செடியைத் தன் மகரந்தத்தாலேயே விதை பிடிக்க விட்டால், ஒரு பிரதி மட்டும் ஏறிய செடியின் விதைகளில் கால் பங்கில் கருவி இருக்காது. அந்தக் கால் பங்கில் திருத்தம் தங்கியிருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடலாம். தவறான இடத்தில் ஒரு வெட்டு விழுந்திருந்தாலும் மூல ரகத்தோடு திரும்பத் திரும்பக் கலப்புச் செய்து அதை விலக்கிவிட வழி உண்டு. மெண்டல் பட்டாணியில் பார்த்த கணக்கேதான் இன்றும் எங்களைக் காப்பாற்றுகிறது.

ஹவாய் பப்பாளியைப் பற்றி ஆய்வகத்தில் அடிக்கடி பேசுவோம். வளையப்புள்ளி வைரஸ் அங்கே பப்பாளி அதிகம் விளைந்த பூனா பகுதிக்கு 1992-ல் வந்து சேர்ந்தது. டென்னிஸ் கொன்சால்வஸ் குழு அந்த வைரஸின் உறைப்புரத மரபணுவையே பப்பாளியில் ஏற்றி முன்பே சோதித்துக்கொண்டிருந்தது. உருவான செடி வரிசைகளில் 55-1 என்ற ஒன்று வைரஸைத் தாங்கியது. அதன் வழியில் வந்த ரெயின்போ ரகம் 1998-ல் விவசாயிகள் கைக்குப் போனது. ஒன்று போதும், மற்றது எதுவும் தேறாவிட்டாலும் பரவாயில்லை என்பதுதான் பயிர் வேலையின் சௌகரியம்.

வயலுக்குப் போன பிறகு கழிப்பது நம் கையில் மட்டும் இருப்பதில்லை. பாக்டீரியா மரபணு ஏற்றிய பிடி பருத்தி தயாரிக்கும் கிரை என்ற புரதம், புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் கரைந்து, அங்குள்ள ஏற்பிகளில் ஒட்டித் துளை போடும். பெரும்பாலான புழுக்கள் சாகும், தாங்கும் தன்மையுள்ள அரிதான ஒன்று பிழைத்து இனம் பெருக்கும். அது சாதாரணப் புழுவோடு இணையட்டும், தாங்கும் தன்மை பரவுவது தாமதமாகட்டும் என்றுதான் பக்கத்தில் சாதாரணப் பருத்தியைப் புகலிட வரிசையாகப் போடச் சொன்னார்கள். இந்தியாவில் பெரும்பாலும் போடவில்லை, இளஞ்சிவப்புக் காய்ப்புழு மீண்டு வந்துவிட்டது. மரபணு மாற்றப் பயிரே விஷம் என்கிற வாதத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. விதை யார் கையில் இருக்கிறது, தொழில்நுட்பத்தை யார் எப்படி நிர்வகிக்கிறார்கள் என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டையும் இல்லை.

மருத்துவத்துக்கு வருவோம். அங்கே முதல் வெற்றியும் தூக்கிப் போடும் வேலைதான். பன்றி, மாடுகளின் கணையத்திலிருந்து எடுத்துக்கொண்டிருந்த இன்சுலினை 1978-ல் ஈ.கோலை பாக்டீரியாவில் செய்துகாட்டினார்கள். 1982-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நோயாளிக்குள் போவது சுத்தப்படுத்திய புரதம் மட்டும், மரபணு மாற்றிய பாக்டீரியா தொட்டியோடு நின்றுவிடும். ஈஸ்டில் தயாராகும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் அப்படியே.

மனிதனின் செல்லிலேயே மரபணுவை ஏற்ற ஆரம்பித்தபோதுதான் சிக்கல். பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாத குழந்தைகளுக்கு பாரிஸில் நடந்த சிகிச்சையின் முடிவு 2000-ல் வெளியானது. சரியான மரபணுவை வைரஸ் மூலம் எலும்பு மஜ்ஜைச் செல்களில் ஏற்றினார்கள், பெரும்பாலான குழந்தைகள் தேறினார்கள். சில வருடங்களில் அவர்களில் சிலருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. அந்த வைரஸும் தான் கொண்டுபோன துண்டை நினைத்த இடத்தில் வைப்பதில்லை. முடுக்கினால் ரத்தப் புற்றுநோய்க்கு வழிவிடும் எல்எம்ஓ2 என்ற மரபணுவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து அதை முடுக்கிவிட்டிருந்தது. பயிர் ஆய்வகத்தில் நாங்கள் தினமும் பார்த்த அதே விபத்து. நெல்லாக இருந்தால் அந்தச் செடியைப் பிடுங்கி ஆட்டோகிளேவுக்கு அனுப்பியிருப்போம். இங்கே அது ஒரு குழந்தை.

இந்த வரலாறு தெரிந்தேதான் ஆய்வகம் மாறினேன், ஆனாலும் கை பழக நாளானது. 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதித்த காஸ்ஜெவி, கிரிஸ்பர் கொண்டு செய்த முதல் மருந்து. அரிவாள் செல் நோயாளியின் ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்களை எடுத்து, கருப்பருவ ஹீமோகுளோபினை அடக்கிவைக்கும் பிசிஎல்11ஏ மரபணுவை ரத்தச் செல்களில் இயக்கும் பகுதியை வெட்டுகிறார்கள். பிறந்த பின் அடங்கிப்போன கருப்பருவ ஹீமோகுளோபின் மறுபடி சுரக்கத் தொடங்கும். இந்த மாதிரி வேலையில் கோடிக்கணக்கான செல்கள் ஒரு பைக்குள் இருக்கும். ஒவ்வொன்றிலும் வெட்டு ஆறிய விதம் கொஞ்சம் வேறுபடும். நல்லதாக ஒரு செல்லைப் பொறுக்கி வளர்த்துக்கொள்ள முடியாது, மொத்தமாகத்தான் திரும்பப் போகும். எத்தனை சதவீதம் திருந்தியது, எத்தனை உயிரோடு இருக்கிறது, பாக்டீரியாவோ மைக்கோபிளாஸ்மாவோ புகுந்திருக்கிறதா, குறி தவறிய வெட்டு உண்டா என்று பார்க்கலாம். பை தேறவில்லை என்றால் அடுத்த அலமாரியில் இன்னொன்று இருக்காது. அந்த நோயாளியிடமிருந்தே மறுபடி செல்களை எடுக்க வேண்டும். பழைய மஜ்ஜையை அழிக்கும் புசல்ஃபான் கொடுத்துவிட்டால் பின்வாங்கவும் முடியாது. அதனால்தான் திருத்தாத செல்களில் ஒரு பங்கை முன்கூட்டியே உறையவைத்து வைக்கிறார்கள். அந்த மருந்தின் விலை 22 லட்சம் டாலர் என்று அறிவிக்கப்பட்டபோது எனக்கும் கோபம்தான் வந்தது. ஆனால் ஒரு ஆளுக்கு ஒரு தொகுதி என்கிற ஏற்பாட்டில் விலை எப்படி இறங்கும் என்று கேட்டால் என்னிடமும் பதில் இல்லை.

2018-ல் சீன விஞ்ஞானி ஹே ஜியான்குய் கருவிலேயே திருத்திய இரட்டைக் குழந்தைகள் பிறந்த செய்தி வந்தது. எங்கள் மேசையில் அதிகம் பேசப்பட்டது தரவுதான். ஒரு கருவில், திருத்த நினைத்த மரபணுவின் ஒரு பிரதி மட்டுமே மாறியிருந்தது, அது தெரிந்தும் கர்ப்பப்பைக்குள் வைத்தார்கள். பயிர்க்காரன் கூட அதை வைத்திருக்க மாட்டான். அவருக்கு மூன்று வருடச் சிறை விதித்தது சீன நீதிமன்றம்.

இப்போது இன்னொரு படி தாண்டியாகிவிட்டது. ரத்தத்தில் அம்மோனியா ஏறும் அரிய நோயோடு பிறந்த ஒரு குழந்தைக்கு, அதன் டிஎன்ஏவில் இருந்த ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தவென்றே சுமார் ஆறு மாதத்தில் மருந்து செய்து, கொழுப்புத் துகள்களில் வைத்து உடலுக்குள்ளேயே செலுத்திய விவரம் 2025 மே மாதம் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வெளியானது. அந்த முறையில் சோதித்துப் பார்க்க செல்கள் நிறைந்த பையே கிடையாது. கழிக்க வேண்டியதையெல்லாம் முன்னாலேயே, தட்டிலும் எலியிலும் கழித்திருக்க வேண்டும்.

மரபணு திருத்தம் பெற்றவர்களை 15 வருடம் வரை தொடர்ந்து கவனிக்கும்படி அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு பரிந்துரைக்கிறது. இன்று நாங்கள் கையெழுத்திட்டு அனுப்புகிற தொகுதிகளின் கடைசிப் பரிசோதனை முடிவு வரும்போது, இந்த மேசையில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குப் புரிகிற மாதிரி பதிவேடு எழுதுவதற்குத்தான் இப்போதெல்லாம் என் சாயங்காலங்கள் போகின்றன.