கிட்டார் கேபினெட் தெரிவு: ஒரு செய்முறைத் தேர்வுக்கு இரண்டு முறை படித்த அனுபவம்

ஒலிப்பொறியியல் பட்டயப் படிப்பின் செய்முறைத் தேர்வில் எனக்கு வந்த பணி, படித்துப் பார்க்கையில் எளிதாகவே தோன்றியது. 50 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயர் (வெற்றிடக் குழாய்களால் இயங்கும் ஒலிபெருக்கி) ஒன்றும், ஸ்பீக்கர் பொருத்திய பெட்டிகளான கேபினெட்டுகள் நான்கும் தரப்படும். டிரம்ஸ், பேஸ் கிட்டார், பாடகர் ஆகியோருடன் சேர்ந்து ஒலிக்கும்போது சமநிலையான தொனி தரக்கூடிய கேபினெட்டைத் தேர்ந்தெடுத்து, அதற்கான காரணங்களைத் தேர்வாளரிடம் வாய்மொழியாக விளக்க வேண்டும். முதல் முறை நான் தேறவில்லை. இரண்டாம் முறை தேறினேன். இடையில் எதை மாற்றிப் படித்தேன் என்பதை, இதே பாடத்துக்குத் தயாராகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் முறை, பின்புறம் மூடிய, 12 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கு கொண்ட பெரிய கேபினெட்டை யோசனையின்றித் தேர்ந்தேன். அதற்கு முன்னால் இரண்டடி தொலைவில் நின்று வாசித்தபோது நெஞ்சில் அடிக்கும் அந்தத் தாழ்வொலியே சமநிலை என்று நம்பினேன்; கொஞ்சம் மங்கலாகக் கேட்கிறதே என்று உச்ச ஒலியைக் கூட்டும் ட்ரெபிள் குமிழையும் ஏற்றி வைத்தேன். தேர்வாளர் பதிவு செய்த டிரம்ஸையும் பேஸ் கிட்டாரையும் ஒலிக்கவிட்டு, வேறொருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, என்னை அறையின் மறுகோடிக்கு அழைத்துச் சென்றார். நான் ரசித்த தாழ்வொலி பேஸ் கிட்டாருக்குள் கரைந்து போயிருந்தது. மிஞ்சியது காதைக் கிழிக்கும் உச்ச ஒலி மட்டுமே. அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “வாசிக்கும்போது உங்கள் காது எங்கே இருந்தது, ஸ்பீக்கர் எங்கே இருந்தது?” ஸ்பீக்கர்கள் என் இடுப்புக்குக் கீழே இருந்தன. பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கேள்விக்கான விடையிலிருந்துதான் இரண்டாம் முறை படிப்பைத் தொடங்கினேன். கிட்டாரின் தடித்த ஈ தந்தி சுமார் 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. காற்றில் அந்த ஒலியின் அலைநீளம் நான்கு மீட்டருக்கும் சற்று மேல். 3000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 11 சென்டிமீட்டர் அளவுதான். 12 அங்குல ஸ்பீக்கரில் அதிரும் கூம்பின் விட்டமோ ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். கூம்பைவிடப் பெரிய அலை எல்லாப் பக்கமும் பரவிச் செல்லும். கூம்பைவிடச் சிறிய அலை டார்ச் வெளிச்சம் போலக் குறுகி நேரே பாயும். ஆகவே கேபினெட்டுக்கு மேலே காது இருக்கும்படி நிற்பவருக்கு உச்ச ஒலி குறைந்தும், அதன் நேர்கோட்டில் தொலைவில் உட்கார்ந்திருப்பவருக்கு அதே ஒலி கூர்மையாகவும் கேட்கும். நான் ட்ரெபிளை ஏற்றியது என் காது நின்ற இடத்தின் குறையைச் சரிக்கட்டத்தானே தவிர, கேபினெட்டின் குறையை நீக்க அல்ல. இதைப் பாடநூலில் முன்பே வாசித்திருந்தேன் என்பதுதான் வெட்கம். படம் போட்டு மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

பயிற்சிக்கு நான் வகுத்துக்கொண்ட முறை இது. ஒவ்வொரு முறையும் கையால் வாசித்துக் கேபினெட்டுகளை ஒப்பிட்டால், ஒலி மெலிந்த இடத்தில் விரல் தானாகவே அழுத்தி வாசித்துவிடுகிறது. எனவே வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் லூப்பர் பெடலில் மூன்று துண்டுகளைப் பதிந்துகொண்டு அவற்றையே எல்லாக் கேபினெட்டுகளிலும் ஒலிக்கவிட்டேன். தடித்த தந்திகளை உள்ளங்கையால் அடக்கி வாசித்தது ஒன்று, சிதைவில்லாத (டிஸ்டார்ஷன் இல்லாத) முழுக் கார்டுகள், அதாவது சுரக்கூட்டுகள், ஒன்று, பன்னிரண்டாம் கட்டைக்கு மேலே ஒரு தனித்தந்தி வாசிப்பு ஒன்று. நண்பர் கேபிளை மாற்றுவார்; எந்தக் கேபினெட் என்று எனக்குத் தெரியாது. ஸ்பீக்கர் உயரத்தில் காதை வைத்து நேரெதிரே ஒரு முறை, நின்றபடி ஒரு முறை, ஐந்து மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் ஒரு முறை கேட்டு, பெயரைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிட வேண்டும். “நன்றாக இருக்கிறது” என்று எழுதத் தடை. முதல் வாரக் குறிப்புகளில் நான் வெறுத்ததும் புகழ்ந்ததும் ஒரே கேபினெட்டைத்தான். இடம் மட்டுமே மாறியிருந்தது.

ஒப்பிடும்போது ஒலியளவைச் சமன் செய்யாவிட்டால் இந்த உழைப்பு அத்தனையும் வீண். உரத்து ஒலிப்பதைக் காது எப்போதும் மேலானது என்றே தீர்ப்புச் சொல்லும். ஸ்பீக்கரின் உணர்திறன், அதாவது ஒரு வாட் மின்திறனுக்கு ஒரு மீட்டர் தொலைவில் அது எத்தனை டெசிபல் தருகிறது என்ற எண், இங்கேதான் பயன்படுகிறது. செலஸ்டியன் நிறுவனத்தின் ஜி12எம் கிரீன்பேக் ஸ்பீக்கருக்கு அது 98 டெசிபல். அதே நிறுவனத்தின் வின்டேஜ் 30க்கு 100 டெசிபல். இரண்டு டெசிபல் அற்பமாகத் தோன்றினாலும், அதை ஈடுகட்ட ஆம்ப்ளிஃபயர் ஏறத்தாழ 1.6 மடங்கு மின்திறனைத் தர வேண்டும். ஒலியளவை மீட்டர் வைத்துச் சமன் செய்த பிறகு, முன்பு நான் உயிரோட்டம் உள்ளது என்று எழுதிவைத்திருந்த பாதிக் குறிப்புகளை அடித்துவிட்டேன்.

குறைந்த ஒலியளவில் மட்டும் கேட்டுத் தெரிவு செய்வதும் தவறு. ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இல் வெளியிட்ட வளைகோடுகள் காட்டுவதுபோல, ஒலி குறையக் குறையத் தாழ்ந்த அதிர்வெண்களைக் காது சரியாக வாங்குவதில்லை. அறையில் மெதுவாக வாசித்து ‘போதிய கனம் இல்லை’ என்று பெரிய பெட்டியைத் தேர்ந்தவர், மேடையில் ஒலியைக் கூட்டியதும் கனத்தில் மூழ்குவார்.

பின்புறம் திறந்ததா, மூடியதா என்ற கேள்விக்கு மனப்பாடமாகப் பதில் சொல்ல வேண்டாம். கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே இழுக்கிறது; பின்னால் வரும் அலை முன்னதற்கு எதிர்க்கட்டத்தில் (ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும்படி) இருப்பதால், திறந்த பெட்டியில் அது சுற்றி வந்து தாழ்வொலியில் ஒரு பகுதியை அழித்துவிடும். மூடிய பெட்டியில் அந்த இழப்பு இல்லை. அதனால் இறுக்கமான தாழ்வொலி கிடைக்கிறது. வாக்ஸ் ஏசி30, ஃபெண்டரின் பல காம்போக்கள் (ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் உள்ளவை) ஆகியவை திறந்த வகை. மார்ஷலின் நான்கு ஸ்பீக்கர் பெட்டிகள் மூடிய வகை. பேஸ் கிட்டார் உள்ள குழுவில் திறந்த பெட்டி இழக்கும் பகுதி பெரும்பாலும் நமக்குத் தேவைப்படாத பகுதியே என்பது என் கருத்து. மரத்தைப் பற்றி நிறையப் பேசுவார்கள். ஒட்டுப்பலகையா, பைன் பலகையா என்பது கேட்கக்கூடிய வேறுபாடுதான், ஆனால் ஸ்பீக்கரும் பெட்டியின் அமைப்பும் வைக்கும் இடமும் தரும் வேறுபாட்டுக்குப் பின்னால்தான் அது வரும்.

மரத்தைக் குறை சொல்லி நானே ஒரு வாரத்தை வீணாக்கியிருக்கிறேன். பயிற்சிக்கூடத்தில் பழுது பார்த்துத் திரும்பிய இரட்டை ஸ்பீக்கர் கேபினெட் ஒன்று, எங்கே வைத்தாலும் சோகையாக ஒலித்தது. கடைசியில் அதன் கேபிள் முனையில் ஒன்பது வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பார்த்தேன். ‘டொப்’ என்ற சத்தத்துடன் இடது கூம்பு முன்னே வந்தது, வலது கூம்பு உள்ளே போனது. ஒன்றின் இணைப்பு தலைகீழாக இருந்ததால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தன. அன்றிலிருந்து எந்தக் கேபினெட்டையும் காதால் தொடுவதற்கு முன் பேட்டரியாலும் மல்டிமீட்டராலும் தொடுகிறேன். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் ஆறு, ஏழு ஓம் காட்டுவது இயல்பு. மீட்டர் அளப்பது நேர்மின்னோட்டத் தடையை, பெட்டியில் அச்சிட்டிருப்பது மாறுமின்னோட்ட மின்மறுப்பை. 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டை இணையாக இணைத்தால் 4 ஓம், தொடராக இணைத்தால் 16 ஓம். வால்வு ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டை இதற்குப் பொருத்தி வைக்க வேண்டும். சுமை இல்லாமல், அதாவது ஸ்பீக்கரை இணைக்காமல், அதை இயக்கவே கூடாது.

இரண்டாம் தேர்வில் என் காதுக்கு மிகவும் பிடித்தது, கிரீன்பேக் ஒன்றும் வின்டேஜ் 30 ஒன்றும் கலந்த கேபினெட். ஒன்றின் மென்மை மற்றொன்றின் மேல்நடு அதிர்வெண் எடுப்பை நிரவியது. ஆனாலும் அதை ஒதுக்கினேன். மின்மறுப்பு சமமாக உள்ள இரண்டு ஸ்பீக்கர்களும் மின்திறனைச் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ளும். கிரீன்பேக் தாங்குவது 25 வாட், வின்டேஜ் 30 தாங்குவது 60 வாட் என்றால், பெட்டியின் எல்லை 85 அல்ல, 50 மட்டுமே. 50 வாட் என்று குறிக்கப்பட்ட வால்வு ஆம்ப்ளிஃபயர் முழுச் சிதைவில் அந்த அளவைத் தாண்டிப் போகும். எனவே இரண்டு வின்டேஜ் 30 கொண்ட திறந்த பெட்டியை எடுத்து, சாய்வான ஸ்டாண்டில் ஏற்றி, சுவரிலிருந்து ஒரு மீட்டர் முன்னே இழுத்து, வாசிப்பவரின் காதை நோக்கித் திருப்பி வைத்தேன். இப்போது வாசிப்பவரே அந்தக் கூர்மையைக் கேட்டுத் தானாக ட்ரெபிளைக் குறைத்தார்.

தேர்வாளர் மறுபடியும் அறையின் மறுகோடி வரை நடந்துவிட்டு வந்து, ஸ்டாண்ட் கிடைக்காத மேடையில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். வாசிப்பவரைக் கேபினெட்டுக்கு முன்னே மூன்று மீட்டர் தள்ளி நிற்க வைப்பேன், இடமில்லை என்றால் ட்ரெபிளைத் திருப்பும் முன் ஒரு முறையாவது கேபினெட்டின் முன் குந்தி உட்கார்ந்து கேட்கச் சொல்வேன் என்றேன். அவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த மாணவரை அழைத்தார்.