சீன டானிக்: எப்போது குடிக்கலாம், எப்போது கூடாது

ஃப்ளூ வந்துபோன பிறகும் எனக்கு உடம்பு தேறவே இல்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது, முகம் வெளுத்துக் கிடந்தது. பாலிகிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ஹீமோகுளோபின் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொல்லி, எங்கள் பேட்டையில் இருக்கும் சீன மருந்துக்கடைக்கும் போனேன். சிங்கப்பூரில் சீன வைத்தியர்கள் முறைப்படி பதிவு செய்திருக்க வேண்டும், அதைப் பார்த்துக்கொண்டுதான் போய் உட்கார்ந்தேன்.

வைத்தியர் இரண்டு கையிலும் நாடி பிடித்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கில் வெள்ளையாகத் தடித்துப் படிந்திருக்கிறது, இருமலும் போகவில்லை, அதனால் இப்போதைக்குச் சத்து மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டார். திருடன் உள்ளே இருக்கும்போது கதவைச் சாத்தாதே என்று அவர்கள் வைத்தியத்தில் ஒரு பேச்சு உண்டு. சளி, காய்ச்சல் இருக்கும்போது டானிக் குடித்தால் நோயை உள்ளேயே வைத்துப் பூட்டுவதாகிவிடுமாம். செரிமானம் மந்தமாக இருந்தாலும் அப்படித்தான், வயிறு உப்புமே தவிர உடம்பில் ஒட்டாது. விலை கூடிய சரக்கை விற்காமல் பொறுத்திரு என்று சொன்னாரே, அங்கேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

முதலில் சளிக்கு மருந்து. இருமல் சுத்தமாக நின்ற பிறகுதான் பா சென் என்கிற சத்துக் கஷாயத்துக்குச் சரக்கு கட்டிக் கொடுத்தார். எட்டுச் சரக்கு, நாலு தெம்புக்கு, நாலு ரத்தத்துக்கு. தெம்புக்குப் போடும் ஜின்செங் வேருக்குப் பதிலாக அவ்வளவு வீரியமில்லாத டாங் ஷென் வேரைப் போட்டிருந்தார். அதில் டாங் குவே வேரை மெல்லிசாகச் சீவி வைத்திருப்பார்கள், செலரி மாதிரி ஒரு வாசனை, மண்சட்டியில் கொதிக்க ஆரம்பித்தால் வீடு முழுக்க அதுதான். இரும்புச் சட்டி, அலுமினியச் சட்டி கூடாது.

எப்போது குடிப்பது என்பதைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். மாதவிலக்கு முழுசாக முடிந்த பிறகு தொடங்கு, அடுத்தது வந்தால் நிறுத்து, ஏனென்றால் டாங் குவே ரத்தப்போக்கைக் கூட்டலாம். காலையில் வெறும் வயிற்றில் குடி, வயிற்றைப் புரட்டினால் சாப்பிட்ட பிறகு குடி. ஜின்செங் சேர்த்த மருந்தென்றால் சாயங்காலத்துக்கு மேல் வேண்டாம், தூக்கம் போய்விடும். மருந்து குடிக்கும் நாட்களில் முள்ளங்கி வேண்டாம், அது மருந்தை முறித்துவிடும் என்பது அவர்கள் வழக்கம். பாலிகிளினிக் மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி. நடுவில் ஒருமுறை தொண்டை கரகரத்தது, உடனே நிறுத்திவிட்டு, சரியான பிறகு மறுபடி ஆரம்பித்தேன்.

இப்போது மூச்சு வாங்காமல் மாடி ஏறுகிறேன். இரும்பு மாத்திரைக்கும் இதில் பங்கு உண்டு, அதை நான் விடவே இல்லை.

மிச்சமிருந்த பொட்டலத்தை மாமனார் கேட்டார், கொடுக்கவில்லை. அவர் இதயத்துக்கு வார்ஃபரின் என்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர், டாங் குவே சேர்ந்தால் ரத்தம் கசியும் ஆபத்து கூடும், ஜின்செங் சேர்த்த மருந்தென்றால் அந்த மாத்திரை வேலை செய்வதையே குறைத்துவிடலாம். கர்ப்பமாக இருப்பவர்களும் டாங் குவே பக்கம் போக வேண்டாம். தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அந்த அட்டையைக் கையோடு எடுத்துப்போய் வைத்தியரிடம் காட்டுங்கள், உங்கள் டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.