பந்தலடியில் ஒயின் பாடம்: தொண்டாமுத்தூர், பொள்ளாச்சி, வால்பாறை

ஒயின் ருசி பழக, எடுத்த எடுப்பில் பாட்டிலைத் திறக்கக் கூடாது. மூக்குக்கும் நாக்குக்கும் முதலில் அடையாளம் தெரிய வேண்டும். அதற்குக் கோவையைச் சுற்றியே பள்ளிக்கூடம் இருக்கிறது.

முதல் வகுப்பு தொண்டாமுத்தூர். டிசம்பர், ஜனவரியில் கவாத்து செய்த கொடிகள் ஏப்ரல், மே வாக்கில் பழுக்கும். அப்போது போங்கள். பந்தலில் தொங்குவது பன்னீர் திராட்சை. வெளிநாட்டில் இதற்குப் பேர் மஸ்கட் ஹாம்பர்க். மஸ்கட் ஒயினில் ரோஜா மணக்கிறது என்பார்கள். அந்த மணத்தைத் தருபவற்றில் ஜெரானியால் என்ற வாசனைப் பொருள் முக்கியமானது, ரோஜாவிலும் அதேதான். இதற்குப் ‘பன்னீர்’ என்று பேர் வைத்தவர் யாரோ, நல்ல மூக்குக்காரர்.

“ஏனுங்க, மருந்தடிச்சு எத்தனை நாளாச்சுங்க?” என்று கேட்டுவிட்டுக் கொத்தை வாங்குங்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை அடிப்பார்கள். அந்தப் பேரே பிரான்சின் ஒயின் ஊருடையதுதான். நன்றாகக் கழுவி, ஒரு பழத்தை மூன்றாகப் பிரியுங்கள். சதையை மட்டும் நாக்கில் வைத்தால் இனிப்பு, பின்னாலேயே புளிப்பு. நாக்கின் ஓரத்தில் எச்சில் ஊறும். தோலை மென்றால் மணம் மேலே வரும், மஸ்கட் வாசனை அதிகம் இருப்பது அங்கேதான். விதையைக் கடித்தால் ஈறு இழுத்துப் பிடிக்கும். அந்தத் துவர்ப்புதான் டானின். முழுசாக வாயில் போட்டு விழுங்கினால் மூன்றும் கலந்து ‘இனிப்பாருக்கு’ என்பதோடு பாடம் முடிந்துவிடும்.

பொள்ளாச்சியில் கொப்பரை காயும் களத்தருகே ஐந்து நிமிடம் நில்லுங்கள், போதும். ஓக் மரப் பீப்பாயில், அதிலும் அமெரிக்க ஓக்கில், ஊறிய ஒயினில் வருவது இந்தத் தேங்காய் வாசனையின் சாயல்தான். ஓக்கிலுள்ள லாக்டோன் என்ற வேதிப்பொருள் தரும் மணம் அது. பூஞ்சை பிடித்த ஈரச் சாக்கையும் முகர்ந்து வையுங்கள். பாட்டிலில் அந்த நெடி வந்தால் கார்க் கெட்டிருக்கிறது, திறந்து காற்றாட வைத்தாலும் போகாது.

நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறினால் வால்பாறை. அங்கே வாங்கிய தேயிலையில் இரண்டு கிராமை நூறு மில்லி கொதிநீரில் போட்டு, ஒரு கோப்பையை மூன்று நிமிடத்திலும் இன்னொன்றை எட்டு நிமிடத்திலும் வடியுங்கள். இரண்டாவது வாயை உலர்த்தும். அதில் ஒரு கரண்டி பால் விட்டதும் கடுமை அடங்குகிறதல்லவா? பால் புரதம் டானினைப் பிடித்துக்கொள்கிறது. சிவப்பு ஒயினோடு சீஸ் வைப்பதும் இதனால்தான்.

பாட்டில், மலை இறங்கி வண்டிச் சாவியை வைத்த பிறகு. ‘அறை வெப்பநிலையில் சிவப்பு ஒயின்’ என்ற பேச்சு குளிர் நாட்டுக்கு. நம் ஊர் முப்பது டிகிரியில் சாராய நெடி மட்டுமே முட்டும். ஃபிரிட்ஜில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் வைத்தால் பதினாறு, பதினெட்டுக்கு இறங்கிவரும். வெள்ளைக்குப் பத்து டிகிரி. வாய் குறுகிய கிளாஸில் ஐம்பது மில்லி போதும், தளும்ப ஊற்றினால் சுழற்ற முடியாது. சுழற்றாமல் ஒருமுறை, சுழற்றி ஒருமுறை முகருங்கள். ஒரு மிடறைப் பத்து விநாடி வாயில் உருட்டித் துப்புங்கள். பக்கத்தில் மல்லிகைப்பூவும் சாம்பிராணியும் வேண்டாம்.

பள்ளிபாளையம் சிக்கனைக் கடைசியில் கொண்டுவரச் சொல்லுங்கள். மிளகாய்க் காரத்தைச் சாராயம் இன்னும் தூக்கிவிடும், டானினும் கசந்து நிற்கும். காரத்தோடுதான் குடிப்பேன் என்றால் சில்லென்ற, லேசாக இனிக்கும் வெள்ளை ஒயின் பரவாயில்லை.