ஆனித் தேர் அன்னிக்கு நடந்த காப்பிப் பரீட்சை

காப்பி போடுகிற கருவி எதுவானாலும் அதைத் திருநெல்வேலி டவுனில், ஆனித் தேரோட்டத்தன்று ஒருமுறை அடுப்படியில் வைத்துப் பார்க்கணும். மற்ற பரீட்சையெல்லாம் கணக்கில் வராது. எங்கள் வீடு ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. வருஷம் பூராவும் "டவுனுக்கு வந்தோம், ஒங்க வீட்டுக்குத்தான் வர முடியல" என்று போனில் வருத்தப்படுகிற சொந்தபந்தம் மொத்தமும் தேர் அன்றைக்கு மட்டும் வழி தவறாமல் வந்துவிடும். நெல்லையப்பர் தேர் எந்திரம் எதுவும் இல்லாமல் ஆள் இழுத்து ஓடுகிற தேர். இழுக்கிறவர்களுக்குத் தொண்டை காய்வது நியாயம். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களில் வடத்தைத் தொட்டவர் ஒருத்தரும் கிடையாது. பார்த்த களைப்புக்கே காப்பி கேட்கிற கூட்டம்.

இந்தத் தடவை தேருக்கு பெங்களூரிலிருந்து தம்பியும் வந்திருந்தான். துணிமணி ஒரு சின்னப் பையில், காப்பிச் சாமான் ஒரு பெரிய பெட்டியில். மொக்கா பாட், பிரெஞ்ச் பிரஸ், வி60 என்று ஒரு பீங்கான் கூம்பு, மூக்கு நீண்டு வளைந்த கெட்டில், 0.1 கிராம் வரைக்கும் காட்டுகிற தராசு. அம்மா இட்லி மாவுச் சட்டியை நகர்த்தி இடம் கொடுத்தாள். கொடுத்த விதத்தில் சந்தோஷம் தெரியவில்லை.

முதல் தகராறு தூளில். நாங்கள் வழக்கமாக வாங்குவது பீபரி என்கிற உருண்டைக் கொட்டைக் காப்பித் தூள், கூட 20 சதம் சிக்கரி. தம்பி கடையில் போய், சிக்கரி கூடாது, வறுவல் கம்மியாக இருக்கணும், திரிப்பும் கரகரன்னு இருக்கணும் என்றான். கடை அண்ணாச்சி மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ரவை பதத்துக்கா? உப்புமா கிண்டப் போறியளா தம்பி?"

சிக்கரியைப் பற்றி இவன் சொல்வதும் பொய்யில்லை. அது ஒரு செடியின் வேர். வறுத்துப் பொடித்தால் காப்பி நிறம் வரும், ஆனால் அதில் கஃபைன் துளிகூடக் கிடையாது. கலவைத் தூளில் காப்பி குறைந்தது 51 சதம் இருக்கணும் என்று நம்ம நாட்டுச் சட்டமே சொல்கிறது. அதாவது கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி வேரை விற்றாலும் குற்றமில்லை. ஆனால் அண்ணாச்சி சொன்னதிலும் விஷயம் இருந்தது. "சிக்கரி இல்லாத டிகாக்‌ஷன் பாலுக்குத் தாங்காது தம்பி." சிக்கரி தண்ணீரை இழுத்து ஊறி, பில்டரில் தண்ணீர் இறங்குவதைத் தாமதப்படுத்தும். மெதுவாக இறங்குவதால் டிகாக்‌ஷன் கெட்டியாகும். ஒரு டம்ளர் பாலில் நாலு ஸ்பூன் ஊற்றினாலே நிறம் கொடுக்கும். பாலே ஊற்றாமல் குடிக்கிறவனுக்கு இது தேவையில்லை. எங்கள் வீட்டில் அப்படிக் குடிப்பது ஆச்சி ஒருத்திதான். அதுவும் உடன்குடி கருப்பட்டி போட்ட வரக்காப்பி.

தேருக்கு முந்தின நாள் சாயங்காலம் மொக்கா பாட் அடுப்பில் ஏறியது. ஏறியது என்று சொல்வது தப்பு, நிற்கவே இல்லை. இத்தாலிக்காரர்கள் 1933-இல் செய்த சாமான், எட்டுப் பட்டை அலுமினியம், அடி சின்னது. நம்ம கேஸ் அடுப்புக் கம்பிகளுக்கு நடுவில் சரிந்து விழப் பார்த்தது. தோசைக்கல்லைப் போட்டு அதன்மேல் உட்கார வைத்தோம். கீழ்ப் பாத்திரத்துத் தண்ணீர் கொதித்து, ஆவி அழுத்தத்தில் தூளைத் துளைத்துக்கொண்டு மேலே ஏறும். ஏறும்போது ஒரு சீறல் சத்தம். அம்மா பூஜை ரூமிலிருந்து கேட்டாள், "எத்தன விசில் விடணும்ல?"

ஒன்று சொல்லணும், கொண்டுவந்ததில் எனக்குப் பிடித்தது அதுதான். தூளை அமுக்காமல், தீயைக் குறைத்து வைத்து, கொரகொரப்பு ஆரம்பித்ததும் இறக்கிவிட்டால், பாலுக்குத் தாங்குகிற காப்பி வருகிறது. ஆனால் ஒருமுறை போட்டால் நம்ம டபராக் கணக்கில் இரண்டு பேருக்கு. அடுத்த ஈடு போட அது ஆறணும், கழற்றணும், கழுவணும். சூட்டோடு கழற்றப் போனால் விரல் பழுத்துவிடும்.

பிரெஞ்ச் பிரஸ் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தூளைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, நாலு நிமிஷம் கழித்து அதன் வலைத் தட்டைக் கீழே அமுக்கணும். கடைசி வாயில் மண்டி. அம்மா இப்போது அதில் சுக்கு மல்லித் தண்ணி போடுகிறாள், அதற்கு ரொம்ப நல்ல பாத்திரம்.

தேர் அன்று காலையில் எங்கள் எவர்சில்வர் பில்டர்தான் களத்தில். முந்தின நாளே மேல் கிண்ணத்தை அடுப்புத் தீயில் காட்டி, அடைத்த துளைகளைச் சுட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து அம்மா ஒவ்வொரு துளையாகப் பார்த்து வைத்திருந்தாள். ராத்திரி படுக்கப் போகுமுன் தூள் போட்டு, குடை வைத்து லேசாக அமுக்கி, வெந்நீர் ஊற்றி மூடியாயிற்று. விடியும்போது கீழ்க் கிண்ணம் நிறைய கறுகறுவென்று டிகாக்‌ஷன். அதைத் திரும்பக் கொதிக்க வைப்பது எங்கள் வீட்டில் குற்றம். கசந்துபோகும். வெந்நீரில் கிண்ணத்தோடு வைத்துத்தான் சூடேற்றுவோம்.

முதல் டிகாக்‌ஷன் யாருக்கு, ரெண்டாம் டிகாக்‌ஷன் யாருக்கு என்பதில் அம்மாவிடம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அப்பா வழி மூத்தவர்களுக்கும் மாப்பிள்ளைமாருக்கும் முதல். வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிற பிள்ளைகளுக்கும் முதல். வீட்டிலேயே இருக்கிற பிள்ளைக்கு, அதாவது எனக்கு, ரெண்டாம். அன்றைக்கு எனக்கு அதுவும் கிடைக்கவில்லை. தென்காசி அத்தான் குடும்பம், சேரன்மகாதேவி அத்தை, அவள் கூட்டிவந்த பக்கத்து வீட்டுக்காரர்கள், எல்லாரும் தேர் நிலையை விட்டு நகர்வதற்குள் வந்து இறங்கிவிட்டார்கள். பில்டர் காலி. மறுபடி போட்டால் அரை மணி நேரம். தட்டினாலும் இறங்காது, அவசரத்துக்கு இளகாத சாமான் அது. இத்தனை வருஷம் அதைத் தலையில் தூக்கி வைத்து ஆடியவன் நான். ஆனாலும் கூட்டத்துக்கு ஆகாது, ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

"நான் பாத்துக்கிடுதேன்" என்று தம்பி வி60-ஐ எடுத்தான்.

கூம்பின் கோணம் 60 பாகை, அதனால்தான் அந்தப் பேர். காகிதத்தை மடித்து உள்ளே வைத்தான். காகித வாசம் போக வெந்நீர் ஊற்றிக் கொட்டினான். பதினைந்து கிராம் தூளை நிறுத்தான். கொஞ்சம் அதிகமாக விழுந்ததை விரல் நுனியால் எடுத்து டப்பாவில் போட்டான். அத்தை இதையெல்லாம் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கெட்டிலின் வளைந்த மூக்கிலிருந்து நூலாக வெந்நீர், சுற்றிச் சுற்றி.

"என்னல, அபிஷேகம் பண்ணுதியா?"

"முப்பது செகண்டு பொறுக்கணும் அத்தை. தூளுக்குள்ள இருக்கிற கார்பன் டை ஆக்சைடு வெளிய போகணும்."

உண்மையிலேயே தூள் பொங்கி, முட்டை முட்டையாகக் குமிழி உடைந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பொறுக்கிற நேரத்தில் அவன் காகித பில்டரின் சரித்திரம் சொன்னான். 1908-இல் ஜெர்மனியில் மெலிட்டா பென்ட்ஸ் என்கிற அம்மாள், காப்பியில் மண்டி வருவது பிடிக்காமல், மகனுடைய பள்ளிக்கூட நோட்டிலிருந்த மை உறிஞ்சும் தாளைக் கிழித்து, துளை போட்ட பித்தளைப் பாத்திரத்தில் வைத்து வடிகட்டிப் பார்த்தாராம். காப்புரிமையும் வாங்கிவிட்டாராம். மூலையில் உட்கார்ந்திருந்த ஆச்சி கேட்டாள், "நோட்டக் கிழிச்சாளா? அந்தப் பிள்ளைய வாத்தியார் என்ன பாடு படுத்துனாரோ."

மூன்று நிமிஷம் கழித்து ஒரு காப்பி தயார். ஒரே ஒரு காப்பி. அது அம்பாசமுத்திரம் பெரியப்பாவுக்குப் போனது, வயசில் மூத்தவர் அவர்தான். கண்ணாடி டம்ளரை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். "பால் தீந்துபோச்சோ?" என்று பரிதாபமாகக் கேட்டார். தம்பி விளக்கினான்: காப்பியில் கஃபெஸ்டால் என்று ஒரு எண்ணெய்ப் பொருள் இருக்கிறது, அது கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும், வடிகட்டாத காப்பியில் அது நிறைய, காகிதம் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். கொலஸ்ட்ரால் மாத்திரை போடுகிற பெரியப்பா கஷாயம் குடிக்கிற பக்தியோடு மடக் மடக்கென்று குடித்தார். குடித்து முடித்ததும் முகத்தைச் சுளித்து, "வாய்க் கசப்புக்கு அந்த அல்வாவக் கொஞ்சம் எடு" என்றார். நெய் விரலிடுக்கில் வழிய வழியத் தின்றுவிட்டு, துண்டில் துடைத்துக்கொண்டார். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது ஆளுக்குக் காகிதம் மடித்துக்கொண்டிருந்தான்.

வாசலில் இன்னும் இரண்டு ஆட்டோ வந்து நின்றது.

அப்போதுதான் ஆச்சி எழுந்தாள். "கோட்டிப் பயல, தள்ளு. எல, அந்தப் பொங்கப் பானைய ஏத்து" என்றாள் என்னிடம். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைக்கச் சொன்னாள். தம்பி வாங்கிவந்த ரவை பதத் தூளை அப்படியே கவிழ்த்தாள். "ஆச்சி, அது கிராம் கணக்குல போடுத தூளு" என்று அவன் பதறினான். அதன் தலையிலேயே எங்கள் சிக்கரித் தூளிலும் பாதியைக் கொட்டினாள். ஒரு கிண்டு, மேலே தட்டு. கொஞ்ச நேரம் கழித்துத் தட்டைத் திறந்து, உள்ளங்கையில் பச்சைத் தண்ணீர் அள்ளித் தெளித்தாள். மிதந்துகொண்டிருந்த தூள் மளமளவென்று அடியில் இறங்கியது. மல் துணியை நானும் அத்தானும் ஆளுக்கு ரெண்டு முனையாகப் பிடித்தோம். அவள் செம்பால் மோந்து மோந்து ஊற்றினாள். திரிப்பு கரகரப்பாக இருந்ததால் துணி அடைக்கவே இல்லை. நைஸ் தூளாக இருந்திருந்தால் பிழிந்து பிழிந்து கை வெந்திருக்கும்.

தம்பி துணியையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஆச்சி, இப்படித் தூளைத் தண்ணியில ஊறப் போட்டு எடுக்கிறதுக்கு இம்மெர்ஷன்னு பேரு. அந்த பிரெஞ்ச் பிரஸ்ஸும் இதேதான் செய்யுது."

"அப்ப அந்தச் செம்புக்கு எதுக்குல துட்டக் குடுத்த?"

அம்மா பால் ஊற்றி, சீனி போட்டு, நாலு ஆத்து ஆத்தி நுரை கட்டி நீட்டினாள். பில்டர் காப்பியின் கெட்டி இதில் இல்லை, நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வாசனை வீடு முழுக்க நின்றது. அந்த வாசனை தம்பியின் தூளுக்குரியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தேர் சந்து முனையைத் தாண்டுவதற்குள் எல்லார் கையிலும் டம்ளர். பெரியப்பாவும் பால் ஊற்றி ஒரு டம்ளர் வாங்கிக்கொண்டார்.

தராசு மட்டும் அம்மாவுக்குப் பிடித்துப்போய்விட்டது. மறுநாள் அல்வாப் பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்துப் பார்த்தாள், கால் கிலோ சரியாகக் காட்டியது. காகிதத்தைத் தனியாக நிறுத்தாள். அன்றைக்கு முழுக்கக் கடைக்காரருக்கு அர்ச்சனை.

தம்பி பஸ் ஏறும்போது சமாதானமாகத்தான் இருந்தான். அடுத்த ஆனிக்கு கெமெக்ஸ் என்று ஒரு பெரிய கண்ணாடிக் குடுவை கொண்டுவருகிறானாம், ஒரு தடவை போட்டால் எட்டுக் கப் வருமாம், அமெரிக்காவில் ஒரு வேதியியல் விஞ்ஞானி கண்டுபிடித்ததாம்.

"கொண்டு வாய்யா, நல்லா கொண்டு வா" என்றாள் அம்மா. "வரும்போது முக்குல மூணு லிட்டர் பாலும் வாங்கிட்டு வந்துரு."