வேலூர்ப் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு: கல்லூரி புதுசு, ஆஸ்பத்திரி பழசு

வேலூரில் வளர்ந்தவர்களுக்கு மருத்துவம் என்றாலே முதலில் கண்ணில் தெரிவது சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரிதான். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வந்து லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்க்கும் குடும்பங்களைச் சின்ன வயதிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1918-லேயே இங்கே பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கிவிட்டார். ஆனால் அரசு மருத்துவக் கல்லூரி நம் மாவட்டத்துக்கு வந்தது 2005-ல்தான், அடுக்கம்பாறையில், 100 இடங்களோடு. அதுவரை பழைய வட ஆற்காடு மாவட்டம் முழுவதிலும் ஒரு அரசு மருத்துவக் கல்லூரி கூடக் கிடையாது. திருவண்ணாமலைக்கு 2013-ல் கிடைத்தது. ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் இன்னும் இல்லை.

அப்புறம் 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. விருதுநகர், நாமக்கல், நீலகிரி, திருப்பூர், திருவள்ளூர், நாகப்பட்டினம், திண்டுக்கல், கள்ளக்குறிச்சி, அரியலூர், ராமநாதபுரம், கிருஷ்ணகிரி. கூடுதலாக வந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் 1,450. மொத்தச் செலவு சுமார் 4,000 கோடி ரூபாய். அதில் 2,145 கோடி மத்திய அரசின் பங்கு, மீதி மாநில அரசுடையது. அந்த 11-ல் ஒன்றில் முதல் பேட்ச்சில் சேர்ந்தவள் நான். குடியாத்தம் பக்கத்து அரசுப் பெண்கள் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தேன். இப்போது இறுதியாண்டு. நம் பக்கத்திலிருந்து தங்கைகளும் தம்பிகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதிவைக்கலாம் என்றுதான் இது.

முதலில் தகுதி. 2020-ல் வந்த சட்டப்படி, 6-ஆம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து நீட்டில் தேர்ச்சி பெற்றவர்களுக்கு இந்த 7.5 சதவீதம். கல்வி உரிமைச் சட்டத்தில் 8 வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் வரலாம். நகராட்சி, மாநகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் எல்லாம் அரசுப் பள்ளிக் கணக்கில் சேரும். ஆனால் அரசு உதவி பெறும் பள்ளி சேராது. வேலூரில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே பழைய மிஷன் பள்ளிகள் நிறைய. ஃபீஸ் குறைவு, புத்தகம் இலவசம், சத்துணவும் உண்டு என்பதால் அதுவும் அரசுப் பள்ளிதான் என்று பல வீடுகளில் நினைத்திருக்கிறார்கள். 12-ஆம் வகுப்பு முடித்த பிறகு இது தெரியவந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. உங்கள் வீட்டில் 5-ஆம் வகுப்பு முடிக்கும் பிள்ளை இருந்தால் இப்போதே யோசியுங்கள்.

6 முதல் 12 வரை இரண்டு மூன்று பள்ளிகளில் படித்திருந்தால், ஒவ்வொன்றிலும் அந்தந்த வருடங்கள் அங்கே படித்ததற்குச் சான்று வாங்க வேண்டும். நீட் எழுதி முடித்த மே மாதத்திலேயே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். ரிசல்ட் வந்து விண்ணப்பம் திறந்த பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் தலைமை ஆசிரியர் அறை வாசலில் நிற்பார்கள். ஆதார், பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட், சாதிச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பழைய சான்றிதழில் வேலூர் மாவட்டம் என்றும் புதியதில் ராணிப்பேட்டை அல்லது திருப்பத்தூர் என்றும் இருந்தால் பயப்பட வேண்டாம், 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததுதான் காரணம்.

படிப்பு விஷயம். நான் 12 படித்த வருடம் கொரோனாவால் பொதுத்தேர்வே நடக்கவில்லை, பாதிப் பாடம் கல்வித் தொலைக்காட்சியில்தான். நீங்கள் எழுதப்போகும் தேர்வு எங்கள் காலத்தைப் போல இருக்காது. எங்களுக்கு ஒவ்வொரு பாடத்திலும் சில கேள்விகளை விட்டுவிடும் வசதி இருந்தது. 2025-ல் அதை எடுத்துவிட்டார்கள். 180 கேள்வி, 180 நிமிடம், 720 மதிப்பெண், எல்லாமே கட்டாயம். இதில் உயிரியல் மட்டும் 90 கேள்வி, அதாவது சரிபாதி மதிப்பெண். தமிழ் வழியில் படித்தவர்களின் பலம் அங்கேதான். நம் பாடநூல் கழகத்தின் தாவரவியல், விலங்கியல் புத்தகங்கள் இரண்டு வருடத்துக்கும் சேர்த்து நன்றாகவே எழுதப்பட்டவை. அவற்றை வரி விடாமல் படியுங்கள், படத்தின் கீழே இருக்கும் சின்ன எழுத்து, பெட்டிச் செய்தி உட்பட. அதோடு என்.சி.இ.ஆர்.டி. உயிரியல் புத்தகத்தை ஆங்கிலத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நம் புத்தகத்தில் இல்லாததை மட்டும் குறித்துவையுங்கள். வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே வரும். இரண்டுக்கும் முரண் வந்தால் ஆங்கிலமே இறுதி என்பது விதி. அதனால் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இயற்பியலைப் பார்த்துப் பயந்து முழுசாக விட்டுவிடுகிறவர்கள் நிறைய. 45 கேள்வியும் கடினமாக இருக்காது. மின்னியல், ஒளியியல், அலகுகளும் அளவீடுகளும், அணுக்கரு இயற்பியல் இவற்றில் நேரடியாகச் சூத்திரத்தில் போட்டால் விடை வரும் கேள்விகள் எல்லா வருடமும் உண்டு. தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழியும் என்பதற்காகத் தெரிந்ததையும் விடாதீர்கள். நான்கு விடைகளில் இரண்டை உறுதியாகத் தள்ள முடிந்தால் மீதி இரண்டில் ஒன்றைக் குறிக்கலாம். அப்படி இரண்டு கேள்வி எழுதி, ஒன்று சரி (4 மதிப்பெண்), ஒன்று தப்பு என்றாலும் 3 மதிப்பெண் கையில் நிற்கும்.

இன்னொன்று. பொதுப் பிரிவு கட்-ஆஃபை யூடியூபில் பார்த்துவிட்டு, நமக்குக் கிடைக்காது என்று விண்ணப்பிக்காமலேயே இருந்துவிடுகிறார்கள். 7.5 சதவீதத்துக்குத் தனித் தரவரிசைப் பட்டியல். அதிலும் உங்கள் சமூகப் பிரிவில் எத்தனையாவது இடம் என்பதுதான் கணக்கு. மத்திய அரசு நிரப்பும் அகில இந்திய ஒதுக்கீட்டில் இது கிடையாது, மாநிலக் கலந்தாய்வில் மட்டும்தான்.

எங்கள் வருடம் 7.5 சதவீதத்துக்கான கலந்தாய்வு சென்னையில் நேரில் நடந்தது. திரையில் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில் எத்தனை இடம் மீதி என்று ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் பெயரைக் கூப்பிட்ட பிறகு யோசிக்க நேரம் இருக்காது. அதனால் எல்லா அரசுக் கல்லூரிகளையும் உங்கள் விருப்ப வரிசையில் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். எங்கள் முறை வந்தபோது அடுக்கம்பாறை முடிந்திருந்தது. "புதுசா கட்டுன காலேஜாமே, டாக்டருங்க இருப்பாங்களாம்மா?" என்று அப்பா கேட்டார். அங்கே வந்திருந்த எல்லாப் பெற்றோருக்கும் அதே சந்தேகம்தான். சிலர் அதற்காகவே புதுக் கல்லூரியைத் தவிர்த்து, வீட்டிலிருந்து ஒரு நாள் பயணத் தூரத்தில் இருந்த பழைய கல்லூரியை எடுத்தார்கள்.

இங்கேதான் இந்த 11 கல்லூரித் திட்டம் எப்படி அமைந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். வெறும் நிலத்தில் எல்லாவற்றையும் புதிதாகக் கட்டவில்லை. பல வருடமாக இயங்கிவரும் மாவட்டத் தலைமை மருத்துவமனையைக் கற்பிக்கும் மருத்துவமனையாகத் தரம் உயர்த்தி, அதோடு கல்லூரியை இணைத்தார்கள். கல்லூரிதான் புதுசு. ஆஸ்பத்திரியும் அங்கே வரும் ஜனங்களும் பழசு. ஒரு டாக்டரை உருவாக்குவது அந்த ஜனங்கள்தான். பிரசவ வார்டு நிரம்பி வழியும். பாம்புக்கடி, பூச்சிமருந்து குடித்தவர்கள், நெடுஞ்சாலை விபத்து, டெங்கு சீசனில் காய்ச்சல், சர்க்கரையால் காலில் புண் வைத்து வருகிறவர்கள் என்று பாடப் புத்தகம் அப்படியே படுக்கையில் இருக்கும். புதுக் கல்லூரியில் தொடக்கத்தில் பி.ஜி. (மேற்படிப்பு) மாணவர்கள் கிடையாது, எங்களுக்கு முன்னால் பயிற்சி மருத்துவர்களும் கிடையாது. அதனால் பேராசிரியர் ரவுண்ட்ஸ் வந்தால் கேஸை நேராக எங்களிடமே கேட்பார். அவர்களும் பெரும்பாலும் பழைய அரசுக் கல்லூரிகளிலிருந்து மாற்றலாகி வந்த அனுபவசாலிகள். இரண்டாம் வருடத்திலேயே நோயாளியின் வயிற்றில் கைவைத்து ஈரலைத் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொண்டோம். பெரிய ஊரில் படிக்கும் தோழிகள், ஒரு கட்டிலைச் சுற்றிக் கூட்டமாக நின்று எட்டிப் பார்ப்பதாகச் சொல்வார்கள்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். தொடக்கத்தில் கல்லூரி ஊருக்கு வெளியே, மருத்துவமனை ஊருக்குள் என்று இருந்தால் தினமும் பஸ்ஸில் நேரம் போகும். ஆய்வகத்தில் சில கருவிகள் தாமதமாக வரும். இதயம், நரம்பியல் போன்ற உயர் சிகிச்சைகளுக்கு நோயாளிகளை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், அந்த கேஸ்களை நாம் பார்க்க முடியாது. எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, முதல் பேட்ச்சுக்கு சீனியர்கள் இல்லை. எந்தப் புத்தகம் வாங்குவது, வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எதைக் கேட்பார்கள், ரெக்கார்டு நோட்டை எப்படி எழுதுவது என்று சொல்ல ஆளில்லை. நாங்கள் வேறு கல்லூரி சீனியர்களைத் தேடிப்பிடித்து நோட்ஸ் வாங்கினோம். இப்போது சேர்கிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை, நாங்கள் இருக்கிறோம்.

தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு முதல் வருடம் உண்மையிலேயே கடினம். அனாட்டமி, ஃபிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி மூன்றும் ஆங்கிலத்தில் ஒரே நேரத்தில் வந்து விழும். முதல் இன்டெர்னலில் ஃபெயில் ஆகிறவர்கள் உண்டு, அதற்காக யாரும் படிப்பை விட்டுப் போகத் தேவையில்லை. தினமும் டிஸெக்‌ஷன் ஹாலில் பார்த்ததை அன்றைக்கே தமிழில் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் சில மாதங்களில் பிடிபட்டுவிடும். வார்டுக்குப் போகும்போது நிலைமை மாறும். நோயாளியிடம் "எத்தனை நாளா வலிக்குது, சாப்பிட்டா அதிகமாகுதா?" என்று இயல்பாகக் கேட்டு முழு விவரத்தையும் வாங்கத் தெரிந்தவர்கள் நாம்தான்.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: 7.5 சதவீதத்தில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஷூ கம்பெனிக்குப் போகும் என் அம்மாவின் சம்பளத்தில் இந்தப் படிப்பை நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாது.

எம்.பி.பி.எஸ். எட்டாத மதிப்பெண் என்றால், இதே ஒதுக்கீடு பல் மருத்துவத்துக்கும் சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஹோமியோபதிக்கும் உண்டு. பி.எஸ்சி. நர்சிங், லேப் டெக்னாலஜி போன்றவற்றுக்கு நீட் தேவையில்லை, 12-ஆம் வகுப்பு மதிப்பெண் போதும். மருத்துவமனைகள் பெரிதாகும்போது இந்த ஆட்களும் வேண்டும். வேலூர் ஊருக்குள் பழைய பென்ட்லண்ட் வளாகத்திலேயே 2025-ல் பலதுறை மருத்துவமனை திறந்திருக்கிறார்கள். நர்சிங் போன்ற அந்தப் படிப்புகளுக்குத் தனி விண்ணப்பம், தனித் தேதி. நீட் ரிசல்ட்டுக்காகக் காத்திருந்து அதை விட்டுவிடாமல் இரண்டுக்குமே போட்டுவையுங்கள்.