மூடியின் அடிப்பக்கம்

கோவை கணபதியில் எங்கள் பட்டறை. தகடு வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்துப் பிழைக்க ஆரம்பித்து இருபது வருடம் தாண்டிவிட்டது. தொட்டிக்குள் ஆள் இறங்கும் மூடி, எட்டிப் பார்க்கிற சின்ன மூடி, காற்றுக் குழாயின் பக்கவாட்டுக் கதவு எல்லாவற்றுக்கும் பட்டறையில் ஒரே பெயர்தான்: மேன்ஹோல் மூடி. பெரிய ஆர்டரின் கடைசி வரியில் ‘மூடி, 14 எண்ணம்’ என்று வரும். அதற்கென்று யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. நானும் யோசித்தவன் இல்லை.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. மறுபடி திறக்க வேண்டுமென்றால் ஒரு சொட்டுக் கழிவுநீரும் நொய்யலுக்குப் போகக் கூடாது. சுத்திகரிப்பு வேலைகள் வேகம் பிடித்தன. எங்களுக்கும் தொட்டி, குழாய், படிக்கட்டு என்று வேலை வந்தது. நீரை வெளியே விடாமல் திரும்பத் திரும்ப வடிகட்டும்போது சாயம் ஏற்றச் சேர்த்த உப்பு எங்கேயும் போவதில்லை, ஒவ்வொரு கட்டத்திலும் அடர்த்தியாகிக்கொண்டே வரும். முதல் தொட்டியில் இருப்பது கலங்கல் சாயத் தண்ணீர், ஆர்ஓ கழிக்கிற தண்ணீரோ உப்பில் கடல் தண்ணீருக்கு உறவு. ஒரே வளாகத்துக்குள் பத்தடி தள்ளிப் போனால் உலோகத்துக்கு வேறு உலகம். நான் அது தெரியாமல் 14 மூடிக்கும் ஒரே தகட்டை வெட்டினேன்.

6 மில்லி செக்கர் பிளேட், அதாவது கால் வழுக்காமல் இருக்க மேடு பதித்த இரும்புத் தகடு, மூன்றடிக்கு மூன்றடி. தகடு மட்டுமே 40 கிலோ பக்கம், சுற்றிலும் ஆங்கிள் வைத்தால் ஐம்பதைத் தொடும். மேலே இரண்டு கோட்டு எபாக்ஸி பெயிண்ட். அடியில் ஒரு கோட்டு ரெட் ஆக்சைடு பிரைமர், அதுவும் மனசாட்சிக்காக. ஒன்றரை வருடம் கழித்து வேறு வேலையாகப் போனபோது, அங்கே ஆபரேட்டராக இருந்த சென்னிமலைப் பக்கத்து அண்ணன் கூப்பிட்டார்.

“ஏனுங்க தம்பி, இந்த மூடியை ஒருக்கா திருப்பிப் பார்த்தீங்களா?”

நான்கு பேர் சேர்ந்து திருப்பினோம். மேலே கறுகறுவென்று புதுசு மாதிரி. அடியில் கையால் தட்டினால் துரு அப்பளம் போல அடுக்கடுக்காக உதிர்ந்தது. நடுவில் ஒரு இடத்தில் ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. சாய மெஷினில் இருந்து சூடாக வரும் தண்ணீர், அதன் ஆவி ராத்திரி முழுக்க மூடியின் அடியில் வியர்த்துக்கொண்டே இருக்கிறது. தெறித்த உப்பு அங்கேயே காய்கிறது, மறுபடி நனைகிறது. தேங்கிய கழிவின் அழுகின முட்டை நாற்றமும் இரும்பைச் சும்மா விடாது. முந்தின நாள்கூட அந்த மூடி மேல்தான் டிரம் உருட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

இத்தனை நாள் ஏன் யாரும் பார்க்கவில்லை என்று கேட்டேன். அண்ணன் சிரித்தார். “பார்க்கறதுக்கு நாலு ஆள் வேணுமுங்க தம்பி. ஷிப்டுக்கு நான் ஒருத்தன்.”

தொட்டியைச் சோதிக்க வழி வைக்கிறேன் என்று சொல்லி, திறக்கவே முடியாத ஒன்றை விற்றிருக்கிறேன்.

சரி, எஸ்எஸ், அதாவது எவர்சில்வர் போடலாம் என்று ரோஷத்தோடு 304 என்ற ரகத்தில் செய்து கொடுத்தேன். வெளிப்பக்கம் பளபளவென்று முகம் பார்க்கலாம். எட்டு மாதத்தில் ரப்பர் உட்காரும் கோட்டை ஒட்டி டீக்கறை மாதிரி பழுப்பு. துடைத்தால் அடியில் ஊசிமுனை ஓட்டைகள். தகட்டின் நடுப்பகுதிக்கு ஒன்றும் ஆகவில்லை. ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவில் மயிரிழை இடுக்கு, அங்கே காற்று புகாது, உப்புத் தண்ணீர் தேங்கும். எஸ்எஸ் துருப்பிடிக்காமல் இருப்பதே அதன் மேல் தானாகப் படியும் ஒரு மெல்லிய படலத்தால்தான். இடுக்கில் உப்பின் குளோரைடு அந்தப் படலத்தை உடைத்துவிட்டால் திரும்பப் படிய அங்கே ஆக்சிஜன் இல்லை. அடுத்த ரகமான 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது, அது நன்றாகவே தாங்கும். அதற்காக 316 என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம் என்றும் இல்லை. அறுபது டிகிரிக்கு மேல் சூடான உப்புநீர் என்றால் அதுவும் விரிசல் விடும்.

இந்த இடத்தில் காந்தத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எஸ்எஸ் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் பாக்கெட்டில் காந்தத்தோடு வருகிறார்கள். ஒட்டவில்லை என்றால் அசல், ஒட்டினால் டூப்ளிகேட் என்று கணக்கு. நிக்கல் குறைந்த மலிவு ரகமான 202-இலும் காந்தம் ஒட்டாது. நல்ல 304-ஐ மடித்து வளைத்த இடத்தில் லேசாக ஒட்டும். காந்தத்தை நம்பி நல்ல தகட்டைத் திருப்பி அனுப்பியவர்களையும் பார்த்திருக்கிறேன், 202-ஐ சந்தோஷமாக வாங்கிப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். தகட்டில் ஒரு துண்டு வெட்டி, எந்த உலோகம் எவ்வளவு என்று காட்டும் ஸ்பெக்ட்ரோ டெஸ்டுக்குக் கொடுத்தால் விஷயம் முடிந்தது.

எடையைக் குறைக்க அலுமினியம் போட்டால் என்ன என்று அடுத்து எனக்குத் தோன்றியது. இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். இன்னொரு சாயப்பட்டறையின் காஸ்டிக் சோடா தொட்டிக்கு அலுமினியம் செக்கர் பிளேட்டில் கொட்டேஷன் கொடுத்தேன். அங்கே ரிட்டயர்மெண்ட் வயதைத் தாண்டிய சூப்பர்வைசர் ஒருவர், எல்லோருக்கும் அவர் மாமாதான். தாளைப் படித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. நான் கொண்டுபோன சாம்பிள் துண்டின் ஓரத்தில் கட்டைவிரல் அளவு கத்தரித்து வாங்கினார். கையுறை, கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு, ஒரு பழைய எவர்சில்வர் டம்ளரில் கால்வாசி காஸ்டிக் ஊற்றி, துண்டை அதில் போட்டு ஜன்னல் திண்டில் வைத்தார். முதலில் ஒன்றுமில்லை. கொஞ்ச நேரத்தில் ஓரமெல்லாம் பொடிப்பொடியாகக் குமிழி. அப்புறம் சோடா உடைத்த மாதிரி நுரைத்துப் பொங்கி, தண்ணீர் சாம்பல் நிறமானது. டம்ளரைத் தொடப் போனேன். “தொடாதீங்க மாப்ள, சுடும்” என்றார். “இது ஹைட்ரஜனுங்க. மூடின தொட்டிக்குள்ள இது சேர்ந்து கெடக்கையில நீங்க மேல வெல்டிங் வெக்க வருவீங்க.”

அந்தக் கொட்டேஷனை மடித்துப் பையில் வைத்தவன்தான், காஸ்டிக் பக்கம் அலுமினியத்தைக் கொண்டுபோனதில்லை. துத்தநாகம் பூசின இரும்பான ஜிஐயும் அங்கே ஆகாது. துத்தநாகம் காஸ்டிக்குக்கும் கரையும், அமிலத்துக்கும் கரையும்.

கடைசியில் உப்புத் தொட்டிகளுக்கு எஃப்ஆர்பி, அதாவது கண்ணாடி நார் வைத்த பிளாஸ்டிக் என்று வந்து நின்றோம். இரும்புப் பட்டறைக்காரன் பிளாஸ்டிக் மூடி விற்பது எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது, உண்மையைச் சொன்னால் என்ன. அதே மூன்றடி மூடி, அடியில் விலா எலும்பு மாதிரி முட்டு வைத்தும் 13 கிலோ. உப்பு ஒன்றும் செய்யாது. ஆனால் எஃப்ஆர்பி என்ற மூன்றெழுத்துக்குள் நாரைப் பிடித்து இறுகும் ரெசின் எல்லாம் ஒன்றல்ல. சாதாரண பாலியெஸ்டர் காஸ்டிக் ஆவிக்கு நிற்காது, வினைல் எஸ்டர் ரெசின் என்று கேட்டு வாங்க வேண்டும். மேல்பூச்சு மோசமாக இருந்தால் இரண்டு கோடை வெயிலில் கண்ணாடி நார் வெளியே வந்து, தொட்டவன் கையெல்லாம் நமைச்சல். வண்டி ஏறும் இடத்துக்கு நான் இதைக் கொடுப்பதில்லை.

அப்புறம் ஆடி மாதம் வந்தது. பாலக்காட்டுக் கணவாயில் இருந்து பல்லடம், உடுமலை வழியாக அடிக்கும் காற்றை இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, காற்றாலைகளே சாட்சி. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். என் 13 கிலோ மூடி எம்மாத்திரம்? சாம்பிள் எடுக்கத் திறந்து வைத்த மூடி தொட்டியின் கூரையிலிருந்து பறந்து, காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் சோளக்காட்டில் போய் விழுந்தது. நல்ல வேளை, காட்டில் ஆள் இல்லை. அதிலிருந்து கீலும், திறந்தபடி பிடித்து நிறுத்தும் கம்பியும், ஒரு முழச் சங்கிலியும் இல்லாமல் எஃப்ஆர்பி மூடி பட்டறையை விட்டு வெளியே போவதில்லை.

போல்ட்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 316 போல்ட்டில் 316 நட்டை உலர்ந்தபடியே மெஷினால் முறுக்கினால் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும், பிறகு கிரைண்டரால் அறுத்தால்தான் வரும். அதற்கென்று உள்ள பேஸ்ட்டைத் தடவிக் கையால் முறுக்கினால் போதும். ரப்பர் சீட்டும் அப்படித்தான். கடையில் கறுப்பாக இருப்பதெல்லாம் ஒன்றாகத் தெரியும். எண்ணெய்க்கு நல்லதான நைட்ரைல் ரப்பர் வெயிலில் வெடித்துவிடும். வெயிலுக்கும் காஸ்டிக்குக்கும் நிற்கிற ஈபிடிஎம் ரப்பர், எண்ணெய் பட்டால் ஊதிவிடும்.

ஒரு நூற்பாலையின் காற்றுக் குழாய்க் கதவுக்கு 12 ஸ்குரூ வைத்துக் கொடுத்தேன். பஞ்சுத் தூசி எடுக்க வாரம் ஒருமுறை திறக்க வேண்டிய கதவு அது. ஒரு மாதத்தில் எட்டாகி, தீபாவளிக்குள் இரண்டாகிவிட்டது. மீதி பத்தும் யார் டிராயரிலோ கிடக்கும். தகடு நல்ல ஜிஐதான், அதில் குற்றமில்லை. அடுத்த முறை கையாலேயே இழுத்து மாட்டும் கிளாம்ப் நாலு வைத்தேன்.

இப்போதெல்லாம் அளவு எடுக்கப் போனால் உள்ளே என்ன தண்ணீர், எவ்வளவு சூடு என்று கேட்டுவிட்டு, இதை யார் திறப்பார்கள், அவரைக் கொஞ்சம் கூப்பிடுங்கள் என்பேன். மேனேஜர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

போன மாதம் அந்தப் பழைய இடத்துக்குப் போயிருந்தேன். சென்னிமலை அண்ணன் ஒற்றைக் கையால் மூடியைத் தூக்கிக் கம்பியில் நிறுத்தி, டார்ச் அடித்து உள்ளே பார்த்துவிட்டு மூடினார். நான் கொஞ்சம் பெருமையாக நின்றேன்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க தம்பி. இந்தக் கைப்பிடிதான். கையுறை போட்டா விரல் நுழைய மாட்டேங்குது.”

எஃப்ஆர்பியில் வெல்டிங் வைக்க முடியாது. போல்ட் துளைக்கு இடம் பார்க்க டேப்பை எடுத்தேன்.